பழைய யூஎஃப்எஸ் டிஸ்க்கை லினக்ஸில் திறக்கும்போது செய்யக்கூடாதவை

சோலாரிஸ், ஃப்ரீபிஎஸ்டி என்ற யுனிக்ஸ் வகை இயங்குதளங்கள் இரண்டுமே தங்கள் கோப்பு முறைமையை யூஎஃப்எஸ் என்றுதான் சொல்லும். பெயர் ஒன்று, டிஸ்க்கில் பதிந்திருக்கும் அமைப்பு வேறு வேறு. அதை மறந்துவிட்டு, டிஸ்க்கைக் கோப்புறையாக இணைக்கும் மவுண்ட் கட்டளையைத் தட்டுவதில்தான் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன.

அதற்கும் முன்னால் ஒரு தவறு உண்டு: அசல் டிஸ்க்கிலேயே கைவைப்பது. முதலில் இமேஜ் (டிஸ்க்கின் பைட்டுக்குப் பைட் நகல்) எடுத்துவிடுங்கள். டிடி என்ற நகலெடுக்கும் கட்டளையில் 1 எம்பி பிளாக் வைத்து, பிழை வந்தாலும் தொடர நோஎரர், படிக்க முடியாததைப் பூஜ்யத்தால் நிரப்ப சிங்க் என இரண்டையும் கொடுத்தால், 512 பைட் செக்டர் ஒன்று கெட்டிருந்தாலும் அந்த 1 எம்பி துண்டில் நன்றாக இருந்த தரவும் சேர்ந்து பூஜ்யமாகிவிடலாம். அதற்குப் பதில், கெட்ட டிஸ்க்கை மீட்கும் டிடி-ரெஸ்க்யூவை மேப் கோப்புடன் (எது படித்தாயிற்று, எது பாக்கி என்ற பதிவு) ஓட்டுங்கள். முதல் சுற்றில் -என் (சிறிய எழுத்து; கெட்ட இடங்களைச் சுரண்டாமல் விட), அடுத்த சுற்றில் -ஆர்3 (மூன்று முறை திரும்ப முயல). லினக்ஸ் இன்ஸ்டாலர் ஓடும் கணினியில் இந்த டிஸ்க்கை மாட்டவே வேண்டாம். எக்ஸ்86 சோலாரிஸின் பழைய பார்ட்டிஷன் வகை எண் 82. லினக்ஸ் ஸ்வாப்புக்கும் அதே 82தான். ஸ்வாப் என்று நினைத்து இன்ஸ்டாலர் அதை ஃபார்மட் செய்தால் கேட்பாரில்லை.

இமேஜ் கைக்கு வந்ததும் வகையை ஊகிக்காமல் பைட்டைப் பாருங்கள். பார்ட்டிஷன் தொடக்கத்திலிருந்து 9564-ஆம் பைட்டில் நான்கு பைட்களை எக்ஸ்எக்ஸ்டி-யில் (பைட்களை ஹெக்ஸ் எண்ணாகக் காட்டும் கருவி) படியுங்கள். 54 19 01 00 என்றால் எக்ஸ்86 இயந்திரத்தில் எழுதிய யூஎஃப்எஸ்1. 00 01 19 54 என்றால் ஸ்பார்க் போன்ற பிக்-எண்டியன் (எண்ணின் பெரிய பைட்டை முதலில் எழுதும்) இயந்திரம். அங்கே எதுவும் இல்லையென்றால் 66908-இல் பாருங்கள். 19 01 54 19 இருந்தால் அது யூஎஃப்எஸ்2. (பின்னிருந்து படித்தால் 19 54 01 19. இந்த எண் இந்த முறைமையை உருவாக்கியவர்களில் ஒருவரான கிர்க் மெக்குசிக்கின் பிறந்த தேதி: 1954 ஜனவரி 19.)

இதை வைத்து மவுண்டில் யூஎஃப்எஸ்டைப் என்ற விருப்பத்தைக் கொடுங்கள்: ஸ்பார்க் சோலாரிஸுக்கு சன், எக்ஸ்86 சோலாரிஸுக்கு சன்எக்ஸ்86, பிஎஸ்டி-க்கு 44பிஎஸ்டி அல்லது யூஎஃப்எஸ்2. கொடுக்காமல் விட்டால் லினக்ஸ் 'ஓல்டு' என்று எடுத்துக்கொள்ளும். 54 19 01 00 மட்டும் பார்த்து சன்எக்ஸ்86-ஆ 44பிஎஸ்டி-யா என்று முடிவு செய்ய முடியாது. டிஸ்க் எந்த இயந்திரத்திலிருந்து வந்தது என்பதுதான் துப்பு.

"மவுண்ட் ஆகவில்லை, டிஸ்க் போச்சு" என்று கைவிடுபவர்கள் பலர் ஆஃப்செட்டில்தான் (முறைமை தொடங்கும் இடம்) தவறியிருப்பார்கள். ஒரு பிஎஸ்டி ஸ்லைஸுக்குள் (பிஎஸ்டி-க்கான பார்ட்டிஷன்) ஏ முதல் எச் வரை உட்பிரிவுகள் இருக்கும், அதில் சி என்பது முழு ஸ்லைஸ். ஸ்லைஸ் 63-ஆம் செக்டரில் தொடங்கினால் 63 × 512 = 32256 பைட். உட்பிரிவின் தொடக்க எண்ணை ஸ்லைஸிலிருந்து எண்ணியிருக்கிறார்களா, டிஸ்க்கின் தலையிலிருந்தா என்பது அமைப்புக்கு அமைப்பு மாறும். இரண்டையும் போட்டு, எதில் அந்த நான்கு பைட் அகப்படுகிறது என்று பாருங்கள்.

மவுண்ட் எப்போதும் ரீட்-ஒன்லியாக. லினக்ஸின் யூஎஃப்எஸ் எழுதும் வசதியைக் கர்னலே ஆபத்தானது என்று குறித்திருக்கிறது. வேறு இயங்குதளத்தின் எஃப்எஸ்சிகே-யையும் (கோப்பு முறைமையைச் சரிபார்த்துத் திருத்தும் கட்டளை) ஓட்டாதீர்கள். சோலாரிஸ் 7 முதல் யூஎஃப்எஸ் லாகிங் (மாற்றங்களை முதலில் ஒரு பதிவில் எழுதிவைப்பது) உண்டு. சரியாக ஷட்டவுன் ஆகாத டிஸ்க்கில் கடைசி மாற்றங்கள் அந்த லாகில்தான் கிடக்கும், அதை இயக்கத் தெரிந்தது சோலாரிஸ்தான். எக்ஸ்86 டிஸ்க்காக இருந்தால் இமேஜின் பிரதியை க்யூஎமு என்ற மெய்நிகர் கணினியில் ஓடும் சோலாரிஸுக்குக் கொடுத்துச் சரிசெய்வதே மேல்.

நகலெடுப்பதில் ஒரு பொறி: உரிமையாளர். டிஸ்க்கில் இருப்பது எண் மட்டும்தான். அங்கே 1001 ஒருவர், இங்கே 1001 வேறொருவர். கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் கட்டளை பெயரை வைத்துப் பொருத்தினால் குழப்பமாகும். சுருட்டும்போதும் பிரிக்கும்போதும் நியூமெரிக்-ஓனர் கொடுத்து, பழைய பாஸ்வேர்டு கோப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நகலெடுக்க ஆர்சிங்க் கட்டளை என்றால் -ஏஎச் (எச் மட்டும் பெரிய எழுத்து), நியூமெரிக்-ஐடிஸ். எச் இல்லையென்றால் ஹார்டு லிங்க் (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர்) ஒவ்வொன்றும் தனிக் கோப்பாகி இடத்தைத் தின்னும்.

கோப்புப் பெயரும் வெறும் பைட்தான். பழைய தமிழ்ப் பெயர்கள் டிஸ்கியில் (யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியாக்கம்) இருந்தால், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை அவற்றைப் புரியாத குறிகளாகக் காட்டும். லினக்ஸின் அடிப்படை நூலகமான கிலிப்சியின் குறியாக்கம் மாற்றும் கருவி ஐகான்வ் டிஸ்கியை அறியும் என்பதால், நகலில் வைத்து அவற்றை யூடிஎஃப்-8க்கு மாற்றிவிடலாம்.