வேலையை விட்டு விலகும்போது: ராஜினாமா கடிதம் முதல் விடைபெறுதல் வரை

பழைய மகாபலிபுரம் சாலையிலோ, அம்பத்தூரிலோ, கோவை சரவணம்பட்டியிலோ ஒரு தனியார் அலுவலகத்தில் சில ஆண்டுகள் உழைத்து, மேலாளரின் போக்கினாலோ, வந்து சேராத பதவி உயர்வினாலோ, விடுமுறை நாள்களையும் விழுங்கும் வேலைச் சுமையினாலோ மனம் சலித்து, பேப்பர் போட்டுவிடலாம் என்று முடிவெடுத்துவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். விலகலாமா வேண்டாமா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. முடிவெடுத்த பின், வர வேண்டிய பணத்தையும் சான்றிதழ்களையும் இழக்காமல், கூட வேலை பார்த்தவர்களிடம் முறையாகச் சொல்லிக்கொண்டு வெளியே வருவது எப்படி என்பது மட்டுமே இங்கே பொருள்.

முதலில் உங்கள் பணி நியமனக் கடிதத்தை எடுத்து முழுவதும் படியுங்கள். விலகுவதாகச் சொன்ன பிறகும் வேலையில் தொடர வேண்டிய நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்பது அதில்தான் இருக்கும். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் 60 அல்லது 90 நாள்கள் என்பது பரவலான வழக்கம். அந்தக் காலத்தைப் பணம் கட்டிக் குறைத்துக்கொள்ள முடியுமா, முடியுமென்றால் அடிப்படைச் சம்பளத்தைக் கொண்டு கணக்கிடுகிறார்களா, மொத்தச் சம்பளத்தைக் கொண்டா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிய தொகையாக இருக்கக்கூடும். வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்று ஒரு விதி இருந்தால் அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஒருவர் தன் தொழிலைச் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால், குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் இவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்ற பாண்டு வேறு வகையைச் சேர்ந்தது. மூன்று ஆண்டுகளுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்று ஒரு பொதுத்துறை வங்கி விதித்திருந்த நிபந்தனை செல்லும் என 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே பாண்டில் கையெழுத்திட்டிருப்பவர்கள் அதன் வாசகத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிய பிறகு பேப்பர் போடுவது நல்லது.

பணிக்காலத்தையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கிராஜுவிட்டி எனப்படும் பணிக்கொடை கிடைக்க, நிரந்தரப் பணியாளருக்கு ஐந்து ஆண்டுத் தொடர் பணி வேண்டும். கடைசியாக வாங்கிய மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, அதைப் பணியாண்டுகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் வருவதே அந்தத் தொகை. ஐந்தாம் ஆண்டில் 240 நாள்கள் வேலை பார்த்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. ஆனால் எல்லா நிறுவனங்களும் அதைத் தாமாக ஏற்றுக்கொள்வதில்லை. ஐந்து ஆண்டுகள் நிறையச் சில வாரங்களே மீதமிருந்தால், எவ்வளவு சலிப்பாக இருந்தாலும் கடைசி வேலைநாளை அதற்குப் பின் அமைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளச் சீட்டுகள், சம்பளத்தில் பிடித்த வருமான வரிக்குச் சான்றான படிவம் 16, ஊதிய உயர்வுக் கடிதங்கள் ஆகியவற்றைப் பேப்பர் போடுவதற்கு முன்பே தரவிறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி நாள் மாலையில் கடவுச்சொல் முடக்கப்பட்ட பிறகு அவற்றைப் பெற மாதக்கணக்கில் அலைய நேரும். உங்களுக்கு உரியவற்றை மட்டும் எடுங்கள். நிறுவனத்தின் கோப்புகளையோ வாடிக்கையாளர் விவரங்களையோ சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்புவது வழக்கு வரை கொண்டுபோய்விடும்.

இனி கடிதம். முதலில் மேலாளரிடம் நேரில் சொல்லிவிட்டு, அன்றே மின்னஞ்சலில் அனுப்புங்கள். பெரும்பாலான அலுவலகங்களில் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும், ஆனால் உள்ளடக்கம் இவ்வளவு போதும்: "இந்த நிறுவனத்தில் நான் வகித்துவரும் பணியிலிருந்து விலகிக்கொள்ள முடிவு செய்திருக்கிறேன். நியமனக் கடிதத்தின்படி என் நோட்டீஸ் காலம் இன்று தொடங்குகிறது. கடைசி வேலைநாளை உறுதி செய்து, அன்று என்னை விடுவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். என் பொறுப்புகளை ஒப்படைக்க முழு ஒத்துழைப்புத் தருவேன்." காரணம் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. மனக்குறைகளை இந்தக் கடிதத்தில் கொட்டாதீர்கள் என்று அழுத்தமாகச் சொல்வேன். அது உங்கள் கோப்பில் நிரந்தரமாக இருக்கும். அடுத்த நிறுவனம் விசாரிக்கும்போது அதைத்தான் யாரோ ஒருவர் திறந்து பார்ப்பார். பாலியல் தொல்லை போன்ற கடுமையான குற்றம் நடந்திருந்தால் அதற்குரிய இடம் வேறு: பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் பெண் ஊழியர்கள் அலுவலகத்தின் உள் புகார்க் குழுவிடம் எழுத்தில் புகார் தரலாம். வேலையை விடுவதால் அந்தப் புகாரை விட்டுவிட வேண்டும் என்பதில்லை.

சம்பளத்தை உயர்த்துகிறோம், இருந்துவிடுங்கள் என்று பேசுவார்கள். உங்கள் சலிப்புக்குப் பணம் மட்டுமே காரணமாக இருந்தால் யோசிக்கலாம். வேறெதுவாக இருந்தாலும் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

நோட்டீஸ் காலத்தில் வேலையைப் பாதியில் போட்டுவைப்பதால் மேலாளருக்கு ஒன்றும் ஆகாது. அந்தச் சுமை பக்கத்து இருக்கைக்காரர் தலையில்தான் விழும். கே.டி. என்று சொல்லப்படும் வேலை ஒப்படைப்பை வாய்வார்த்தையோடு விடாமல் எழுத்தாகக் கொடுங்கள். மடிக்கணினி, அடையாள அட்டை ஆகியவற்றைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். எச்.ஆர். நடத்தும் விலகல் நேர்காணலில் ஆட்களைக் குறைசொல்வதைவிட, வேலை நடக்கும் முறையில் எது கோளாறு என்று சொன்னால் பின்னால் வருபவருக்காவது அது உதவும்.

வேலையிலிருந்து விலகியவருக்கு ஊதிய பாக்கியை இரண்டு வேலைநாள்களுக்குள் தர வேண்டும் என்று, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. ஆகவே இறுதிக் கணக்கு எந்தத் தேதியில் முடியும், ரிலீவிங் லெட்டர் எனப்படும் பணி விடுவிப்புக் கடிதம் எப்போது கையில் கிடைக்கும் என்று கடைசி வாரத்திலேயே மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வருங்கால வைப்பு நிதியை அவசரப்பட்டு எடுக்காமல், வைப்பு நிதி உறுப்பினருக்கான நிரந்தர எண்ணான அதே யு.ஏ.என்.-இல் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்வதே மேல். பணிக்காலம் தொடர்ச்சியாகக் கணக்கில் சேரும். நிறுவனம் தரும் குழு மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கடைசி நாளோடு முடிந்துவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வீட்டில் வயதான பெற்றோர் இருந்தால், அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிப் பாலிசிக்கு மாற வழி உண்டா என்று பேப்பர் போட்டவுடனேயே விசாரியுங்கள்.

இனி, விடைபெறுவது. காகித வேலைகளுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூட நாம் இதற்குக் கொடுப்பதில்லை என்பது என் வருத்தம். அலுவலகத்தின் மேல் இருக்கும் கோபத்தில், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஒரு வெள்ளிக்கிழமை மாலை பையை எடுத்துக்கொண்டு போய்விடுபவர்கள் உண்டு. கசப்பு நிறுவனத்தோடு இருக்கலாம். காய்ச்சல் வந்த அன்று உங்கள் வேலையையும் சேர்த்துச் செய்தவர் நிறுவனம் அல்லர்.

மேலாளரிடம் சொன்ன அன்றோ மறுநாளோ, உங்களோடு நெருங்கி வேலை செய்யும் இரண்டு மூன்று பேரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். செய்தி கேன்டீன் வழியாக அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தால், தங்களை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை என்று நினைப்பார்கள். அடுத்த வேலை எங்கே, எவ்வளவு சம்பளம் என்று கேட்டால், "சேர்ந்த பிறகு சொல்கிறேன்" என்ற பதில் போதும். உங்களுக்குக் கீழே பயிற்சி பெறும் இளையவர்களிடம் தனியாகப் பேசுங்கள். உங்கள் கசப்பை அவர்கள் மேல் ஏற்றாமல், அவர்கள் எதில் கெட்டிக்காரர்கள் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். அதை அவர்களிடம் வேறு யாரும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கடைசி நாள் பிற்பகலில் அனுப்பும் மின்னஞ்சல் சுருக்கமாக இருக்கட்டும்: இன்று விடைபெறுகிறேன், இன்ன வேலையில் உங்களோடு இருந்தது மனநிறைவு தந்தது, என் சொந்த எண் இது. உண்மையில்லாத புகழ்ச்சி வேண்டாம்; உண்மையான கோபமும் அந்த மடலில் வேண்டாம். மேலாளரோடு உறவு சரியில்லாமல் இருந்தாலும் நேரில் சென்று, அவரிடமிருந்து கற்றுக்கொண்ட ஒன்றையேனும் தேடிப் பிடித்துச் சொல்லி நன்றி கூறுங்கள். எதுவுமே இல்லையென்றால் கைகுலுக்கி, "வருகிறேன்" என்று சொன்னால் போதும். கேக் வெட்டும்போது பேசச் சொன்னால், கூடியிருப்பவர்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி ஒரு வரி பேசுங்கள். எண்ணிக்கை அதிகமென்றால் உங்கள் குழுவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்த மின்னஞ்சல் போய்ச் சேராதவர்கள் இருக்கிறார்கள். தளத்தைத் துடைக்கும் அக்கா, வாயிலில் நிற்கும் காவலாளி அண்ணன், டீ கொண்டுவரும் தம்பி, இரவுப் பணி முடிந்து உங்களைப் பத்திரமாக வீட்டில் விட்ட வண்டி ஓட்டுநர் ஆகியோர் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் வழியாக வேலைக்கு வந்தவர்கள். அலுவலக மின்னஞ்சல் முகவரி அவர்களுக்குக் கிடையாது. நீங்கள் வரவில்லை என்பது சில நாள் கழித்துத்தான் அவர்களுக்குத் தெரியவரும். அவர்களுடைய ஷிப்ட் நேரத்தைக் கேட்டறிந்து, அந்த நேரத்தில் நேரில் போய்ச் சொல்லுங்கள். இரவுக் காவலாளியைப் பார்க்க வேண்டுமென்றால், கடைசி நாளுக்கு முந்தின நாள் சற்றுத் தாமதமாகக் கிளம்புங்கள். பணமோ பரிசோ கொடுக்க விரும்பினால் பிறர் பார்வை படாமல் கொடுங்கள். மேற்பார்வையாளர் கண்ணில் பட்டால் அவர்களுக்குத்தான் விசாரணை வரும்.

வாட்ஸ்அப் குழுவிலிருந்து சத்தமில்லாமல் வெளியேறாமல், ஒரு வரி எழுதிவிட்டு வெளியேறுங்கள். அன்று விடுப்பில் இருப்பவர் யார் என்று வருகைப் பட்டியலைப் பார்த்து, அவர்களுக்கு மறுநாள் தொலைபேசியில் பேசிவிடுங்கள்.