நெல்லுக்குள்ள குதிரைவாலி புல்லு: சிங்கப்பூர்லேருந்து போன்லயே வயல் பாக்குறவங்க பண்ணக்கூடாத தப்புங்க

சிங்கப்பூர்ல வேலை பாத்துக்கிட்டே ஊர்ல ரெண்டு ஏக்கர் மூணு ஏக்கர்னு நெல்லு போடுறவங்க நம்மள்ல நிறைய பேரு இருக்காங்க. தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்து ஆளுங்க நாலு பேரு லிட்டில் இந்தியா டெக்காவுல ஒண்ணா நின்னாலே பேச்சு மேட்டூர்ல தண்ணி எவ்வளவு கெடக்குங்கறதுக்குப் போயிடும். காசு இங்கேருந்து போகுது, வேலைய அங்க தம்பியோ மாமனாரோ பாக்குறாங்க, முடிவு மட்டும் ராத்திரி வீடியோ கால்ல எடுக்குறோம். உரம் போடுறது, தண்ணி வைக்கிறதுன்னா இப்படி ஓரளவு ஓட்டிடலாம், ஆனா நெல்லுக்குள்ள களையா முளைக்குற குதிரைவாலி புல்லு விஷயத்துல (நாம சமைச்சு சாப்பிடுற குதிரைவாலி தானியத்தைச் சொல்லலங்க) ஓடாது, ஏன்னா இளசா இருக்கப்ப அது அச்சு அசலா நெல்லு மாதிரியே இருக்கும், அது வேறன்னு கண்ணுக்குத் தெரியுறப்ப கதிர் தள்ளியிருக்கும்.

முதல் தப்பு இந்த வீடியோ காலேதான். இங்க மணி ஒன்பதுன்னா அங்க ஆறரை, வெளிச்சம் போற நேரம், தம்பி வரப்புல நின்னு போனை ஒரு சுத்து சுத்திக் காட்டுவான், "பச்சைப்பசேல்னு இருக்குண்ணே"ம்பான், நமக்கும் மனசு நிறைஞ்சிடும். அந்தப் பச்சையில பாதி புல்லா இருந்தாலும் அப்படித்தான் தெரியும். அதனால வயலைக் காட்டச் சொல்லாதீங்க, காலையில நல்ல வெளிச்சத்துல சந்தேகமான நாத்து ஒண்ணைப் பிடுங்கி, இலையும் தண்டும் சேருற இடத்தை மட்டும் கிட்டத்துல போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. இலையை மெதுவா தண்டுலேருந்து விலக்கிப் பிடிக்கணும், அப்பதான் உள்பக்கம் தெரியும். நெல்லா இருந்தா அந்த மூட்டுல வெள்ளையா மெல்லிசா ஒரு சவ்வு நாக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும், ரெண்டு பக்கமும் முடி வச்ச சின்ன கொக்கி மாதிரி ஒண்ணு தண்டைக் கட்டிப் பிடிச்சிருக்கும். குதிரைவாலி புல்லுல இது ரெண்டுமே கிடையாது, அந்த இடம் வழவழன்னு வெறுமையா இருக்கும். இதை விட நம்பகமான அடையாளம் வேற இல்லன்னு நான் நினைக்கிறேன். அடித்தண்டு சிவப்பா இருக்கும்னு சிலர் சொல்லுவாங்க, பல செடியில அப்படி இருக்கும், எல்லாத்துலயும் இருக்காது, அதை நம்பி உட்காராதீங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, சவ்வு இருந்தா அது நெல்லுதான்னு முடிவு கட்டிடக்கூடாது, வேற சில புல்லுக்கும் சவ்வு உண்டு, களைநெல்லுன்னு ஒண்ணு இருக்கு அதுக்கு எல்லாமே நெல்லு மாதிரிதான் இருக்கும். சவ்வும் இல்ல கொக்கியும் இல்லன்னா கண்டிப்பா நெல்லு இல்ல, அவ்வளவுதான் இந்த சோதனை சொல்லும்.

இந்தப் புல்லு ஏன் இவ்வளவு வேகமா நெல்லை அமுக்குதுன்னா, வெயிலையும் சூட்டையும் நெல்லை விட நல்லா பயன்படுத்திக்குற சி4 வகை அது, நெல்லு சி3. சேர்ந்து முளைச்சா கொஞ்ச நாள்லயே நெல்லுக்கு மேல ஏறி நிழல் கட்டிடும். நடவு வயல்ல நாத்துக்கு மூணு வாரம் முன்னாடியே வளர்ந்த பலம் இருக்கு, நேரடி விதைப்புல ரெண்டும் ஒரே நாள்ல முளைக்குது, அதனால ஆள் கிடைக்கலன்னு நேரடி விதைப்புக்கு மாறுறவங்க அதே நேரத்துல களைக்கும் ஒரு திட்டம் வச்சிருக்கணும். முதல் முப்பது நாப்பது நாள்தான் உயிரான காலம், அதுக்கப்புறம் பிடுங்குனாலும் போன மகசூல் திரும்பாது. கூலிக்குக் காசு அனுப்புறதா இருந்தா அந்த முதல் மாசத்துக்குள்ள அனுப்புங்க, சம்பளம் வரட்டும்னு தள்ளிப் போடாதீங்க.

நாத்தங்காலை யாரும் பாக்குறதே இல்ல. அங்க முளைச்ச புல்லு நாத்தோட சேர்ந்து முடிச்சுல கட்டப்பட்டு, நெல்லு குத்துக்குள்ளயே நடப்பட்டுடும். கோனோவீடர்ங்கிற தள்ளிக்கிட்டுப் போற களைக்கருவி வரிசைக்கு நடுவுல தான் போகும், குத்துக்குள்ள இருக்குறதை அது தொடாது. நாத்து பறிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை குனிஞ்சு பாத்தாலே பெரிய வேலை மிச்சம்.

இப்ப மருந்துக்கு வருவோம், பணம் அதிகமா வீணாகுறது இங்கதான். முளைக்குறதுக்கு முன்னாடி போடுற ப்ரெட்டிலாகுளோர், பூட்டாகுளோர் மாதிரி மருந்தெல்லாம் விதை முளைவிடுறப்ப தான் வேலை செய்யும். நடவு வயல்ல மூணாவது நாள் வாக்குல, மெல்லிசா தண்ணி நிக்கிறப்ப மணல்ல கலந்து தூவிட்டு, ரெண்டு மூணு நாள் தண்ணிய வடிக்காம வைக்கணும். "ஞாயித்துக்கிழமை லீவுண்ணே, அன்னைக்குப் போடுறேன்"னு பத்தாவது நாள் போட்டா புல்லுக்கு ஒண்ணும் ஆகாது, ஏன்னா அது முளைச்சு வந்தாச்சு. சேத்து விதைப்புக்கு ப்ரெட்டிலாகுளோர் வாங்குறப்ப சேஃப்னர், அதாவது நெல்லைக் காப்பாத்துற பொருள், சேர்ந்ததான்னு கேட்டு வாங்கச் சொல்லுங்க, சேஃப்னர் இல்லாதது முளைக்குற நெல்லையும் சேர்த்துப் பாதிச்சிடும்.

முளைச்ச பிறகு அடிக்கிறதுல பிஸ்பைரிபாக் சோடியம்தான் இப்ப எல்லாரும் அடிக்கிறாங்க, 10 சதவீத மருந்துன்னா ஏக்கருக்கு 80லேருந்து 100 மில்லி, புல்லு மூணு நாலு இலையில இருக்குறப்ப, விதைச்சு 15லேருந்து 20 நாளுக்குள்ள. மருந்து இலையில படணும், ஆனா வயல்ல தண்ணிய நிறுத்திட்டு அடிப்பாங்க, புல்லு பாதி தண்ணிக்குள்ள மூழ்கிக் கெடக்கும், அப்புறம் மருந்து டூப்ளிகேட்டுன்னு கடைக்காரரத் திட்டுவாங்க. தண்ணிய வடிச்சிட்டு அடிங்க, அடிச்ச ரெண்டு மூணு நாள்ல திரும்பக் கட்டி ஒரு வாரம் நிறுத்துங்க. தண்ணி கட்ட மறந்தா புதுசா அடுத்த செட்டு முளைச்சு வரும், குதிரைவாலி ஒரே தவணையில முளைச்சு முடிக்கிற புல்லு இல்ல. 2,4-டி விலை கம்மின்னு அதை அடிக்கிறவங்களும் உண்டு, அது அகல இலைக் களைக்கும் கோரை வகைக்கும் தான், புல்லு அதை மதிக்காது. அடிக்கிறவங்க பாதுகாப்பும் முக்கியம்ங்க, லீவுல ஊருக்குப் போறப்ப சாக்லேட்டு தைலத்தோட நல்ல மாஸ்க்கும் கையுறையும் நாலு செட்டு வாங்கிட்டுப் போங்க.

மருந்தை மாத்தி மாத்தி அடிக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க, எப்படி மாத்துறதுன்னு யாரும் சொல்றதில்ல. பிஸ்பைரிபாக்குக்கு பதிலா பெனாக்ஸுலாம் அடிச்சா மாத்துன மாதிரி தோணும், டப்பா வேற, கம்பெனி வேற, ஆனா ரெண்டுமே செடிக்குள்ள ஏஎல்எஸ்ங்கிற ஒரே என்சைமைத் தான் அடைக்குது. ஒண்ணுக்கு அசையாத புல்லு இன்னொண்ணுக்கும் அசையாம போக வாய்ப்பு நிறைய. மலேசியா உட்பட பல நாட்டுல இந்தப் புல்லு மருந்துக்கு மசியாம போயிருக்கு. மாத்துறதுன்னா சைஹாலோஃபாப் மாதிரி வேற குரூப்புக்குப் போகணும், அதை 2,4-டியோட ஒரே டேங்குல கலக்காதீங்க, புல்லு மேல அதோட வேகம் குறைஞ்சிடும்.

யூரியா பத்தி ஒரு வார்த்தை. களை இருக்குறப்ப மேலுரம் போட்டா காசு குடுத்து வாங்குன யூரியாவுல பாதி புல்லுக்குப் போகும். முதல்ல களை, அப்புறம் யூரியா, இந்த வரிசை மாறவே கூடாது.

தப்பிச்சு கதிர் விட்ட புல்லை "இனிமே என்ன, அறுப்புல பாத்துக்கலாம்"னு விடுறதுதான் அடுத்த வருஷத்தையும் சேர்த்துக் கெடுக்குற தப்பு. ஒரு செடி ஆயிரக்கணக்குல விதை போடும், அதுவும் நெல்லு பழுக்குறதுக்கு முன்னாடியே பழுத்து மண்ணுல கொட்டிடும், கொட்டுன விதை வருஷக்கணக்கா மண்ணுக்குள்ள உயிரோட இருக்கும். கதிர் பச்சையா இருக்குறப்பவே அறுத்து மாட்டுக்குப் போட்டுடுங்க, நல்ல தீவனம் அது. விதை முத்துனதைப் போடாதீங்க, சாணத்துல செரிக்காம வெளிய வர்ற விதையும் முளைக்கும், அந்தச் சாணத்தை மக்க வைக்காம வயல்ல கொட்டினா நாமளே விதைச்ச மாதிரி. அறுப்பு மெஷினும் வயலுக்கு வயல் விதையைக் கொண்டு போகும், உள்ள இறங்குறதுக்கு முன்னாடி டிரைவர்கிட்ட சொல்லி ஒட்டியிருக்குற வைக்கோலையும் மண்ணையும் தட்டி விடச் சொல்லுங்க, ரெண்டு டீ வாங்கிக் குடுத்தா செய்வாங்க. சொந்த விதைநெல்லு எடுக்குறவங்க, முட்டை மிதக்குற அளவுக்கு உப்பு போட்ட தண்ணியில நெல்லைக் கொட்டி, மிதக்குற பதரையும் புல்லு விதையையும் அள்ளிப் போட்டுட்டு, அடியில நிக்கிறதை நல்ல தண்ணியில ரெண்டு மூணு தடவை அலசி எடுங்க. அடுத்த போகத்துக்கு முன்னாடி நாள் இருந்தா வயலுக்குத் தண்ணி காட்டி, புல்லு முளைக்குற வரைக்கும் ஒரு பத்துப் பதினாலு நாள் விட்டு, அப்படியே மடக்கி உழுதுட்டு, அதுக்கப்புறம் நெல்லு போடச் சொல்லுங்க.