ஆயர் பேரவையின் அறிக்கையை எடைபோட்டு வாசிப்பது எப்படி?

ஒரு நாட்டின் கத்தோலிக்க ஆயர்கள் (பிஷப்புகள்) கூட்டாக அறிக்கை வெளியிட்டதும், "திருச்சபை ஆணையிட்டுவிட்டது" என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். அது ஆணையா, அறிவுரையா என்று அறிய முதலில் பேரவையின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆயர் பேரவை என்பது பொதுவாக ஒரு நாட்டின் ஆயர்கள் சேர்ந்து இயங்கும் நிலையான அமைப்பு. உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் இதை வலியுறுத்தியது, 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் விதிகளை வகுத்தது. அது ஆயர்களுக்கு மேலான ஒரு தலைமையகம் அல்ல. ஒரு மறைமாவட்டத்தை, அதாவது தம் பொறுப்பிலுள்ள திருச்சபைப் பகுதியை, வழிநடத்தும் ஆயர், பேரவைத் தலைவரின் கீழ்ப் பணியாளரும் அல்லர்.

அடுத்து, அறிக்கையின் அடியில் இருக்கும் கையொப்பத்தைப் பாருங்கள். வெளியிட்டது முழுப் பேரவையா, நிலைக்குழுவா, ஏதேனும் ஒரு பணிக்குழுவா? பணிக்குழுவின் கருத்து மதிப்புடையதே என்றாலும், அது பேரவையின் அதிகாரபூர்வப் போதனை ஆகாது.

முழுப் பேரவையே வெளியிட்டிருந்தால், அது சட்டமா என்று பாருங்கள். பெரும்பாலும் தவறு நேர்வது இங்கேதான். திருச்சபையின் பொதுச் சட்டம் இடமளிக்கும் பொருள்களிலோ திருப்பீடம் (திருத்தந்தையின் வத்திக்கான் தலைமை) தனியாகப் பொறுப்பளித்த பொருள்களிலோ மட்டுமே பேரவை பொது ஆணை பிறப்பிக்க முடியும். கடன் திருநாள்களை (திருப்பலியில் கட்டாயம் பங்கேற்க வேண்டிய விழாக்களை) மாற்றுவது, வெள்ளிக்கிழமை ஒறுத்தலின் (இறைச்சி தவிர்த்தல் போன்ற தவமுயற்சியின்) முறையை வரையறுப்பது ஆகியவை அத்தகையவை. அப்போதும், கூட்டத்துக்கு வந்தவர்களில் அல்ல, முடிவெடுக்கும் வாக்குரிமை பெற்ற உறுப்பினர் அனைவரிலும் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். திருப்பீடம் ஆய்ந்து ஒப்புதல் அளித்து, முறைப்படி அறிவிக்கப்பட்ட பின்னரே அது கட்டுப்படுத்தும். இந்த நிபந்தனைகள் தனி ஆயரின் பொறுப்பைக் காக்கின்றன என்பதால், அவற்றை வெறும் சடங்காகக் கருதக் கூடாது.

நம்பிக்கைப் போதனை பற்றிய கோட்பாட்டு அறிக்கைகளுக்கு 1998-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தனி விதி தந்தார்: ஆயர்கள் ஒருமனதாக ஏற்க வேண்டும், இல்லையேல் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவுடன் திருப்பீடத்தின் ஒப்புதலும் தேவை.

இந்த வகைகளில் அடங்காத மேய்ப்புப்பணி அறிவுரையாக இருந்தால், உங்கள் மறைமாவட்ட ஆயர் அதை எவ்வாறு நடைமுறைப்படுத்துகிறார் என்று கேட்டறியுங்கள்; அங்கே முடிவு அவருடையது.