புதுப் பாட்டைக் குறை சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இதெல்லாம் ஒரு பாட்டா?" என்ற கேள்வி நம் வீடுகளில் தலைமுறைக்கு ஒருமுறை எழும். 1992-இல் 'ரோஜா' வந்த பிறகு இளையராஜா ரசிகர்கள் பலர் ரஹ்மானின் இசையைக் 'கம்ப்யூட்டர் மியூசிக்' என்றார்கள், சத்தத்தில் வரிகளே கேட்கவில்லை என்றார்கள். இன்று அதே ரஹ்மான் பாட்டுகளைக் காட்டித்தான் அனிருத்தை மட்டம் தட்டுகிறார்கள்.

முதல் தவறு, அந்தக் காலத்தின் சிறந்த பாட்டை இந்த வாரம் வந்த சாதாரணப் பாட்டோடு ஒப்பிடுவது. 1930, 40-களில் ஒரே படத்தில் இருபது பாட்டுகூட இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை இன்று யார் நினைவிலும் இல்லை. காலம் சலித்துக் கொடுத்ததை மட்டும் வைத்துக்கொண்டு பழையதெல்லாம் பொன் என்பது நியாயமில்லை.

மேல்நாட்டு இசை கலந்துதான் எல்லாம் கெட்டது என்பதும் சரியல்ல. 1950-களிலேயே சந்திரபாபு யோடலிங் (குரலைச் சட்டென உச்சத்துக்கு ஏற்றி இறக்கும் மேல்நாட்டுப் பாணி) செய்து பாடினார். விஸ்வநாதன்-ராமமூர்த்தி பாட்டுகளில் பாங்கோஸ் என்ற மேல்நாட்டு இரட்டைத் தாள வாத்தியம் ஒலித்தது. கலப்பு நமக்குப் புதிதே இல்லை.

அடுத்து, தடுத்தால் ரசனை உயரும் என்று நம்புவது. 1952-இல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு தரம் குறைந்தது என்று கருதினார். அகில இந்திய வானொலியில் அது ஏறக்குறைய காணாமலே போனது. மக்கள் சாஸ்திரிய இசைக்குத் திரும்பினார்களா? இல்லை, ரேடியோ முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். கடைசியில் 1957-இல் விவித் பாரதி என்ற வானொலிச் சேவையைத் தொடங்கி அரசே சினிமாப் பாட்டு போட வேண்டியதாயிற்று. பிள்ளைகளிடம் "அதை நிறுத்து" என்று மட்டும் சொல்லும் பெற்றோர் இதை யோசிக்கலாம். இப்போது ஒவ்வொரு காதிலும் ஒரு இயர்போன் இருக்கிறது.

எனக்கு அதிகம் வலிப்பது கானா விஷயம். வடசென்னையில் சாவு வீட்டில் துக்கத்தைப் பாடிய இசை அது. தேவா அதை சினிமாவுக்குள் பரவலாகக் கொண்டுவந்தபோதும், பிறகு தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு மேடையேற்றியபோதும் 'லோக்கல்' என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அந்தச் சுளிப்பு மெட்டைப் பார்த்து வந்ததா, பாடுகிறவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று பார்த்து வந்ததா? பறை, கானா, ராப் எதைக் கேட்டாலும் நம்மிடமே இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இளையவர்களும் பழைய பாட்டை 'ஸ்லோ' என்று பத்து நொடியில் தள்ளிவிட வேண்டாம். ஒரு சரணம் முடியும்வரை பொறுங்கள்.

அப்புறம், போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு வெறும் இரைச்சல் என்று தீர்ப்பு எழுதாதீர்கள். அந்தக் குட்டி ஸ்பீக்கரில் பேஸ் (கனமான கீழ் ஒலி) சரியாக வராது. நல்ல இயர்போனில் ஒருமுறை கேட்ட பிறகும் பிடிக்கவில்லையா? சரி, தாராளமாகச் சொல்லுங்கள். பெண்ணைத் துரத்துவதைக் காதல் என்று பாடினால் கண்டிக்கவே வேண்டும், அது எந்த வருஷத்துப் பாட்டானாலும். ஆனால் எந்தப் பாட்டு, எந்த வரி என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.