பழைய படகின் ஸ்டெர்ன் டிரைவ்: முதலில் ரப்பரைப் பாருங்கள்

கொங்குப் பக்கம் மோட்டார் படகு என்றால் பெரும்பாலும் எஞ்சினே வெளியே பின்பலகையில் தொங்கும் அவுட்போர்டுதான். ஸ்டெர்ன் டிரைவ் படகு ஒன்று இங்கே வந்து சேர்ந்தால், அநேகமாகக் கொச்சியிலோ சென்னையிலோ உப்புத் தண்ணீரில் ஓடிக் கைமாறியதாக இருக்கும். இதில் எஞ்சின் படகுக்கு உள்ளே, கியரும் புரொப்பெல்லரும் வெளியே; வெளியே இருக்கும் அந்தப் பகுதிதான் டிரைவ். பின்பலகையைத் துளைத்துப் போகும் ஷாஃப்ட் இரண்டையும் சேர்க்கிறது. அந்த வழியில் தண்ணீர் ஏறாமல் காப்பது மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர் பெல்லோஸ். அது கிழிந்தால் முதலில் அந்த ஷாஃப்டைத் தாங்கும் ஜிம்பல் பேரிங் துருப்பிடிக்கும். கவனிக்காமல் விட்டால் படகே மூழ்கும்.

வாங்குகிறவர்கள் எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று விசாரிக்கிறார்கள். ரப்பரை எந்த வருஷம் மாற்றினார்கள் என்று விசாரியுங்கள். மேட்டூரோ பவானிசாகரோ, அணையில் தண்ணீர் இறங்கினால் படகு கரையேறி மாதக்கணக்கில் வெயிலில் கிடக்கும். ஓடாமலே ரப்பர் காய்ந்து வெடித்துவிடும்.

கீழே வரும் அளவுகள் மெர்குரூசர் ஆல்பா ஒன் இரண்டாம் தலைமுறை டிரைவுக்கு உரியவை. வோல்வோ பென்டா டிரைவ் என்றால் வேலையின் போக்கு ஒன்றுதான்; எண்களை மட்டும் அதன் கையேட்டில் பாருங்கள்.

எதையும் கழற்றும் முன் கியர் ஆயிலைப் பாருங்கள். படகை ஓட்டாமல் ஒரு ராத்திரி விட்டு, டிரைவை நேராக இறக்கி வைத்து, கீழே உள்ள வடிகால் திருகைக் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் அடியில் தங்கியிருக்கும், முதலில் அதுதான் வரும். ஆயில் பால் கலந்த காப்பி மாதிரி இருந்தால் தண்ணீர் ஏறி நாளாகிவிட்டது. திருகின் காந்தத்தில் மாவு போலச் சாம்பல் நிறப் பசை இருப்பது சாதாரணத் தேய்மானம். நகத்தில் உறுத்தும் துணுக்கு இருந்தால் கியரோ பேரிங்கோ உடைகிறது. டிரைவைப் பிரித்தே ஆக வேண்டும்.

தண்ணீர் ஏறியிருந்தால் எந்த வழியாக என்று கண்டுபிடிக்காமல் ஆயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஆயிலை வடித்துவிட்டு மேலே உள்ள காற்றுத் துளை வழியாக 10 முதல் 12 பி.எஸ்.ஐ. வரை காற்றேற்றி, சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். அளவுமானி வைத்த சைக்கிள் பம்பு போதும். கம்ப்ரசரை நேராக வைத்தால், தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான சீல் நன்றாக இருந்தாலும் பிதுங்கிவிடும்.

இங்குள்ள அணைகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது புரொப்பெல்லர் ஷாஃப்ட் சீல். மீன்வலையின் நைலான் நரம்பு சுற்றி, புரொப்பெல்லருக்குப் பின்னால் இறுகி, சீலின் உதட்டை அறுத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆகவே மாதம் ஒருமுறையாவது புரொப்பெல்லரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். சீல் மாற்றும்போது ஷாஃப்டின் மேல் நகத்தை ஓட்டுங்கள். பழைய உதடு தேய்த்த பள்ளத்தில் நகம் மாட்டினால் புது சீலும் சீக்கிரமே ஒழுகும். ஷாஃப்டை மாற்ற வேண்டும், இல்லையென்றால் அந்த இடத்தில் மெல்லிய ஸ்லீவ் ஏற்ற வேண்டும். கோயம்புத்தூரில் நல்ல லேத்துப் பட்டறைக்குப் பஞ்சமில்லை, இந்த வேலையைச் சுத்தமாகச் செய்து தருவார்கள். சீலை மட்டும் பேரிங் கடையில் கிட்டத்தட்ட அளவு பார்த்து வாங்காதீர்கள். இந்த டிரைவ்கள் அங்குல அளவில் செய்தவை. அரை மில்லிமீட்டர் தளர்வாக உட்கார்ந்த சீல் தண்ணீரை நிறுத்தாது.

அடுத்து டிரைவை மொத்தமாக இறக்குவது. ஆல்பா ஒன்னைக் கழற்றுமுன் கியரை ஃபார்வர்டில் போடுங்கள். இல்லையென்றால் ஷிஃப்ட் இணைப்பு விடாது, திரும்ப மாட்டும்போதும் சேராது. டிரைவை ஏற்றி இறக்கும் டிரிம் சிலிண்டர்களின் பின்முனையை விடுவித்து, ஆறு நட்டுகளைக் கழற்றி, நேராகப் பின்னால் இழுக்க வேண்டும். டிரைவ் கனமானது. செயின் பிளாக்கோ இரண்டு ஆளோ இல்லாமல் இறங்க வேண்டாம்.

இறங்கியதும் மூன்றைச் சோதியுங்கள். ஷாஃப்ட் மடங்கித் திரும்ப உதவும் யூனிவர்சல் ஜாயிண்டை நான்கு பக்கமும் மடக்கிப் பாருங்கள்; எங்காவது கடக்கென்று தட்டினாலோ இறுகினாலோ மாற்றிவிடுங்கள். ஜிம்பல் பேரிங்குக்குள் விரலை விட்டுச் சுற்றுங்கள். மணல் அரைப்பது போல இருந்தால் அதுவும் போயிற்று. ஓட்டும்போது திருப்பினால் உறுமல் கூடியிருக்குமே, அது இதுதான். பெல்லோஸின் மடிப்புகளை விரித்து, உள்பள்ளத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெடிப்பு எப்போதும் பள்ளத்தில்தான் தொடங்கும், வெளிமேடு புதுசு மாதிரியே இருக்கும்.

பழைய பேரிங்கை ஸ்லைடு ஹேமர் புல்லரால் இழுத்து, புதியதை நேராக இடித்து உட்கார வையுங்கள். கிரீஸ் வரும் துளையும் பேரிங்கின் துளையும் ஒரே நேரில் இருக்க வேண்டும். பெல்லோஸ் உட்காரும் உலோக விளிம்பைத் துரு இல்லாமல் தேய்த்து, அதற்கென்று வரும் பசையைப் பூசி, புது ஸ்டெயின்லெஸ் கிளாம்பு போடுங்கள். பழைய கிளாம்பைத் திரும்பப் போட்டு மிச்சம் பிடிக்கிற காசு ஒரு காசல்ல. அந்த இடம் திறந்திருக்கும்போதே ஷிஃப்ட் கேபிள் பெல்லோஸையும் எக்ஸாஸ்ட் பெல்லோஸையும் மாற்றிவிடுங்கள். ஒவ்வொன்றுக்காகவும் டிரைவை மறுபடி இறக்குவது வீண் சோலி.

பலரும் தாண்டிப் போவது எஞ்சினும் டிரைவும் ஒரே நேரில் நிற்கிறதா என்ற சோதனை. பழைய படகில் எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் அமுங்கி எஞ்சின் சற்றே இறங்கியிருக்கும். நேர் பார்க்கும் உலோகத் தண்டான அலைன்மெண்ட் பாருக்கு கிரீஸ் தடவி, ஜிம்பல் பேரிங் வழியாக, ஷாஃப்ட் வந்து மாட்டும் எஞ்சின் கப்ளர் வரை விடுங்கள். இரண்டு விரல் பலத்தில் போய் வர வேண்டும். வெளியே எடுத்தால் கிரீஸில் பல் தடம் சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் முன் மவுண்டு நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி மறுபடி பாருங்கள். இதை விட்டால் கப்ளரின் பற்கள் மழுங்கிவிடும். அதை மாற்ற எஞ்சினையே தூக்க வேண்டி வரும்.

தண்ணீர் பம்பின் இம்பெல்லரைக் கிணற்று மோனோபிளாக்கின் இம்பெல்லர் போல நினைக்காதீர்கள். இது ரப்பர். தண்ணீர் இல்லாமல் சில விநாடி சுற்றினாலே கருகும், கரையில் கிடந்தால் இதழ்கள் வளைந்தபடியே நின்றுவிடும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, ஓடினாலும் ஓடாவிட்டாலும், மாற்றுங்கள். அணை வண்டல் பம்பின் உள்சுவரைக் கீறியிருந்தால் பம்பின் கூட்டையும் அடித்தகட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். சோப்புத் தண்ணீர் தடவி, மேலிருந்து பார்க்கக் கடிகாரச் சுற்றில் திருப்பியபடி இறக்குங்கள். பழையதில் ஓர் இதழ் குறைந்திருந்தால் அந்தத் துண்டு மேலே குழாயில் எங்கோ அடைத்துக்கொண்டிருக்கிறது. அதைத் தேடி எடுக்காமல் மூடினால் எஞ்சின் சூடாகும்.

டிரைவின் உடல் அரிக்காமல் தான் கரைந்து காக்கும் உலோகத் துண்டுதான் ஆனோடு. கடலிலிருந்து வந்த படகில் அது துத்தநாகமாக இருக்கலாம். நன்னீரில் துத்தநாகத்தின் மேல் ஆக்சைடு படிந்து வேலை செய்யாமல் நின்றுவிடும், அலுமினிய உடல் அரிக்கும். நம் அணைத் தண்ணீருக்கு மெக்னீசியம் ஆனோடு போடுங்கள், பாதி கரைந்ததும் மாற்றுங்கள். அதன் மேல் பெயின்ட் அடிக்கக் கூடாது.

டிரைவைத் திரும்ப ஏற்றும்போது ஷாஃப்ட் முனையின் பற்களான ஸ்ப்லைனுக்குக் கிரீஸ், புது ஓரிங், புது கேஸ்கட். ஆறு நட்டுகளையும் குறுக்குக் குறுக்காக 68 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். ஆயிலைக் கீழ்த்துளையிலிருந்து பம்பால் ஏற்றுங்கள்; மேலிருந்து ஊற்றினால் காற்று அடைபட்டு, நிறைந்தது போலக் காட்டிக் குறையும். ஆயில் மட்டத்தைக் காட்டும் மானிட்டர் பாட்டிலோடு சேர்த்து ஏறக்குறைய 2 லிட்டர் பிடிக்கும். மேல்துளையில் குமிழி இல்லாமல் வந்ததும் முதலில் மேல் திருகை அடைத்து, பிறகு கீழ்த்துளையை அடையுங்கள். இரண்டுக்கும் புது வாசர். முதல் ஓட்டத்துக்குப் பின் மறுநாள் பாட்டிலில் மட்டத்தையும் நிறத்தையும் பாருங்கள்.

கரையில் நிறுத்தும்போது டிரைவை முழுக்க இறக்கியே வையுங்கள், அப்போதுதான் பெல்லோஸ் இழுபடாமல் இருக்கும். மேலே ஒரு தென்னங்கீற்றுப் பந்தல் போட்டால் வெயில் படாது.