டொலரில் சேரும் உரிமைத்தொகை ரூபாவாக மாறும்போது எங்கே குறைகிறது?

விடியற்காலையில் மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தருகே நின்று, வாவியில் தோணியின் முனையிலிருந்து வலை வீசும் மீனவரைப் படமெடுத்து, படங்களையும் காணொளிகளையும் விற்கும் இணையத்தளங்களில் விற்பனைக்கு வைப்பவர்கள் எங்கள் பகுதியில் இருக்கிறார்கள். அறுகம் குடாவின் அலைச்சறுக்கையும் அம்பாறை வயல்களின் அறுவடையையும் காணொளியாக எடுத்து அனுப்புபவர்களும் உண்டு. அவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒரே கேள்விதான்: தளத்தின் கணக்கில் உரிமைத்தொகை, அதாவது விற்பனையில் நமக்குரிய பங்கு, 50 டொலர் என்று காட்டியது, அன்றைக்கு ஒரு டொலர் 300 ரூபா என்று கூகிளும் சொன்னது, அப்படியிருக்க வங்கிக்கு ஏன் 15,000 ரூபா வந்து சேரவில்லை?

முதலாவது மாற்றம் நம் கண்ணுக்குத் தெரியாமலே நடந்து முடிகிறது. நமக்கு டொலரில் கணக்கு வைக்கும் தளம், ஐரோப்பிய வாடிக்கையாளரிடம் யூரோவில் பணம் வாங்கக்கூடும். ஒரு காணொளியைப் பயன்படுத்தும் உரிமத்தின் விலை 100 யூரோ என்றும் நமது பங்கு 33 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். 2021 தொடக்கத்தில் ஒரு யூரோ ஏறத்தாழ 1.22 டொலராக இருந்தபோது நமக்கு 40 டொலர் கிடைத்திருக்கும். 2022 செப்டெம்பரில் யூரோ ஒரு டொலருக்கும் கீழே இறங்கியபோது அதே விற்பனைக்கு 32 டொலர்தான். இதில் நாம் செய்யக்கூடியது எதுவும் இல்லை. ஆனால் வருமானம் குறைந்த மாதத்தில் படத்தின் தரத்தையோ தேடற்சொற்களையோ குறை சொல்வதற்கு முன் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் கையில் இருப்பது அடுத்த கட்டம். இலங்கையில் பேபால் கணக்கில் பணம் பெறும் வசதி நீண்ட காலமாக இல்லாதபடியால், பெரும்பாலோர் பேயோனியர் போன்ற இடையீட்டுக் கணக்கு ஒன்றின் வழியாகவே பணத்தை வங்கிக்குக் கொண்டுவருகிறார்கள். அங்கே இரண்டு வகைக் கழிவுகள் உண்டு. ஒன்று, தொகை சிறிதானாலும் பெரிதானாலும் ஒரே அளவாகக் கழியும் நிலைக்கட்டணம். மற்றொன்று, சந்தை வீதத்தைவிடச் சற்றுக் குறைந்த வீதத்தில் ரூபாவாக மாற்றுவதால் மறைவாகக் கழியும் சதவீதம். நிலைக்கட்டணம் 3 டொலர், மாற்றுக் கழிவு 2 சதவீதம், சந்தை வீதம் 300 ரூபா என்று வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். 50 டொலரில் 3 போக மிஞ்சுவது 47. அதை 294 ரூபா வீதம் மாற்றினால் 13,818 ரூபா. நான்கு முறை இப்படி எடுத்தால் மொத்தம் 55,272 ரூபா. அதே 200 டொலரைச் சேர்த்து ஒரே முறையில் எடுத்தால் 57,918 ரூபா. ஆகவே, தளம் அனுமதிக்கும் குறைந்தபட்சத் தொகை சேர்ந்தவுடன் பணத்தை அனுப்பிவிடும் அமைப்பைத் திருத்தி, வரம்பை உயர்த்தி வைப்பதே நான் முதலில் சொல்லும் யோசனை. ஷட்டர்ஸ்டொக் என்ற படத் தளத்தில் ஒரு தரவிறக்கத்துக்கு 10 அமெரிக்கச் சதம் மட்டுமே கிடைக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. அப்படிச் சதம் சதமாகச் சேர்ந்த பணத்தில் மூன்று டொலர் என்பது முப்பது தரவிறக்கங்களின் கூலி.

வங்கி நேரடியாக டொலரைப் பெற்று ரூபாவாக மாற்றுமானால், அது நமக்குத் தருவது கொள்வனவு வீதமே, அதாவது வங்கி நம்மிடம் டொலரை வாங்கும் வீதம். மத்திய வங்கி நாளாந்தம் வெளியிடும் பட்டியலில் கொள்வனவு, விற்பனை என்று இரண்டு வீதங்கள் இருக்கும். ஒப்பிடும்போது முதலாவதையே பார்க்க வேண்டும்.

வீதம் ஏறும்வரை காத்திருக்கலாமா என்றும் கேட்கிறார்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. 2023 நடுப்பகுதியில் மீண்டும் 300 ரூபாவை அண்டி இறங்கியது. அந்த ஏற்றத்தை முன்கூட்டிக் கணித்துப் பணத்தை வைத்திருந்தவர் எவரையும் நான் கண்டதில்லை. அதோடு, டொலர் ஏறும்போது கமராவும் வில்லையும் மென்பொருள் சந்தாவும் சேர்ந்தே ஏறுகின்றன. இடையீட்டுக் கணக்கோடு கொடுப்பனவு அட்டை கிடைத்திருந்தால், மென்பொருள் சந்தாவை அந்த டொலர் மீதியிலிருந்தே செலுத்துவது நல்லது. டொலரைக் குறைந்த வீதத்தில் ரூபாவாக்கி, பிறகு கூடிய வீதத்தில் அதே டொலரை வாங்கும் இரட்டை இழப்பு அதனால் தவிரும்.

நாணயமாற்றைவிடப் பெரிய இழப்பு வரிப் படிவத்தில் நேரலாம். அமெரிக்கத் தளங்களில், நாம் அமெரிக்கர் அல்லர் என்று அறிவிக்கும் டபிள்யூ-8 பென் (W-8BEN) என்ற வரிப் படிவத்தை நிரப்பாவிட்டால், அமெரிக்க வாடிக்கையாளரிடமிருந்து வரும் உரிமைத்தொகையில் 30 சதவீதம் பிடித்துவைக்கப்படும். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான வரி உடன்படிக்கையைக் குறிப்பிட்டு நிரப்பினால் அது 10 சதவீதம். அமெரிக்க விற்பனையில் 20 டொலர் வந்திருந்தால் வித்தியாசம் 4 டொலர், அதாவது 1,200 ரூபா. மேலே 50 டொலரில் நாணயமாற்றுக்கும் கட்டணத்துக்குமாகப் போன 1,182 ரூபாவைவிட அது கூடுதல்.

பெயரையும் கவனியுங்கள். எனது வங்கிப் புத்தகத்தில் தந்தையின் பெயர் முதலெழுத்தாகவும் அடையாள அட்டையில் முழுமையாகவும் இருந்தது. அந்த வேறுபாட்டால் ஒரு தடவை என் பணம் வங்கியிலிருந்து திரும்பிப்போய், இரண்டாம் முறை அனுப்புவதற்கும் கட்டணம் செலுத்த நேர்ந்தது. வங்கி, அடையாள அட்டை, இடையீட்டுக் கணக்கு ஆகிய மூன்று இடங்களிலும் பெயர் ஓரெழுத்தும் மாறாமல் இருக்கட்டும்.

இனி, ஒரு கொப்பி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பணம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் திகதி, தளம் அனுப்பிய டொலர், கழிந்த கட்டணம், வங்கியில் விழுந்த ரூபா, அன்றைய மத்திய வங்கிக் கொள்வனவு வீதம் ஆகியவற்றை ஒரே வரியில் எழுதுங்கள். வங்கியில் விழுந்த ரூபாவைத் தளம் அனுப்பிய டொலரால் வகுத்தால் உங்களுக்கு உண்மையில் கிடைத்த வீதம் வரும். மேற்சொன்ன 50 டொலர் உதாரணத்தில் அது 276 ரூபா 36 சதம். 2025 ஏப்ரல் 1 முதல், வெளிநாட்டுக்கு வழங்கும் சேவைக்காக வெளிநாட்டு நாணயத்தில் கிடைத்து வங்கி ஊடாக இலங்கைக்கு வரும் வருமானத்துக்கும் உச்சமாக 15 சதவீத வரி உண்டு. வரி விதிக்கப்படாத தனிநபர் நிவாரணம் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா என்பதால் நம்மில் பலர் அந்த எல்லைக்குள் நிற்கலாம். ஆனால் எல்லைக்குள் நிற்கிறோம் என்பதை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் காட்ட வேண்டி வந்தால், அந்தக் கொப்பியும் வங்கிக் கூற்றும் கையில் இருக்க வேண்டும்.