ஜப்பான் கடைவீதிகளில் துணி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானுக்கு வேலைக்குப் போனவர்கள் துணிக்கடையில் செய்யும் முதல் தவறு, வெயில் வந்த பிறகு வெயில்காலத் துணி தேடுவது. அங்கே கடைகள் இன்றைய வானிலைக்கு விற்பதில்லை, அடுத்த பருவத்துக்கு விற்கின்றன. ஆகஸ்டில் டோக்கியோ 35 டிகிரியில் கொதிக்கும்போதே ஷிபுயா, ஷின்ஜுகு கடைகளின் முகப்பில் இலையுதிர்காலத் துணிகள் ஏறிவிடும். அரைக்கைச் சட்டை ஏதோ ஒரு மூலையில், யாருக்கும் பொருந்தாத அளவுகளில் தொங்கும். கோடைத் துணியை ஜூனுக்குள்ளும், குளிர்கால கோட்டை நவம்பருக்குள்ளும் எடுத்துவிடுங்கள்.

தள்ளுபடிக்குக் காத்திருப்பவர்களுக்கு இரண்டு காலம் உண்டு. போனஸ் கைக்கு வரும் ஜூன் கடைசி, ஜூலை தொடக்கம் ஒன்று. புத்தாண்டை ஒட்டியது மற்றொன்று. நாள் ஆக ஆக விலை இறங்கும், ஆனால் அளவுகள் தீர்ந்துவிடும். காலணி அங்கே சென்டிமீட்டரில் வரும். 28-க்கு மேல் தேவைப்படும் ஆண்கள் முதல் நாளே போவது நல்லது. புத்தாண்டில் விற்கும் ஃபுகுபுகுரோ என்ற மூடிய பைகளைப் பெரும்பாலும் திருப்பிக் கொடுக்க முடியாது. உள்ளே இருப்பதையும் அளவையும் வெளியே எழுதியிருந்தால் மட்டும் எடுங்கள்.

கோடையில் உடுத்தும் மெல்லிய கிமோனோவான யுகாத்தாவை வாங்கும்போது பலரும் நிறத்தைப் பார்க்கிறார்கள், கட்டும் முறையைக் கேட்பதில்லை. உங்கள் வலப்பக்கத் துணியை முதலில் உடம்போடு ஒட்டிச் சுற்றி, இடப்பக்கத்தை அதன் மேல் கொண்டுவர வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் இதே முறைதான். மாற்றிக் கட்டுவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. திருவிழாக் கூட்டத்தில் பார்ப்பவர்கள் முகம் சுளிப்பது அதனால்தான். வலது கை மார்பு மடிப்புக்குள் எளிதாக நுழைந்தால் சரியாகக் கட்டியிருக்கிறீர்கள். செல்ஃபியில் இடம் வலம் மாறித் தெரியலாம், அதை வைத்துச் சரிபார்க்காதீர்கள்.

போட்டுப் பார்க்கும் அறைக்குள் காலணியோடு நுழையாதீர்கள். அங்கே மெல்லிய முகமூடித் துணி வைத்திருந்தால், மேலாடையில் மேக்கப் ஒட்டாமலிருக்கத் தலையில் மாட்டிக்கொள்ள வேண்டியது அது.

விலையில் இரண்டு இடத்தில் கணக்கு தப்பும். ‘50% தள்ளுபடி, பில் போடும்போது மேலும் 20%’ என்றால் 70% அல்ல. 10,000 யென் முதலில் 5,000 ஆகி, அதிலிருந்து 20% குறைந்து 4,000-ல் நிற்கும். அடுத்தது 10% நுகர்வு வரி. 2021 ஏப்ரல் முதல் வரி சேர்ந்த விலையைக் காட்டியாக வேண்டும். ஆனாலும் பல கடைகளில் வரியில்லாத விலை பெரிய எழுத்திலும், கொடுக்க வேண்டிய விலை அதன் கீழே சிறிய எழுத்திலும் இருக்கும். வரிவிலக்கு சுற்றுலா வருபவர்களுக்கானது. ஜப்பானில் வேலை பார்க்கும் வெளிநாட்டவர் இந்திய பாஸ்போர்ட்டை நீட்டினாலும் அது கிடைக்காது.

தெருவில் விளம்பரச் சீட்டோடு நீட்டும் டிஷ்யூ பாக்கெட்டைத் தயங்காமல் வாங்கிக்கொள்ளலாம், அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கவனமாக இருக்க வேண்டியது அட்டையும் பேனாவுமாக வந்து, ‘சின்ன சர்வே’, ‘இலவசத் தோல் பரிசோதனை’, ‘மாடல் ஆகலாமே’ என்று மாடிக்கு அழைப்பவர்களிடம். மேலே போனபின் மணிக்கணக்கில் பேசி, தவணை ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவது இந்த வியாபாரத்தின் வழக்கம். நின்று பதில் சொல்லாதீர்கள்; கையை லேசாக அசைத்துவிட்டு நடங்கள். ஃபோன் நம்பரோ, அங்கே எல்லோரும் வைத்திருக்கும் லைன் (LINE) மெசேஜ் செயலியின் ஐடியோ தர வேண்டாம்.

கையெழுத்துப் போட்டுவிட்டாலும் வழி இருக்கிறது. தெருவில் நிறுத்தி அழைத்துப்போய் விற்றதென்றால், ஒப்பந்தத் தாள் கைக்கு வந்த நாளை முதல் நாளாக எண்ணி 8 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். 3,000 யென்னுக்குக் குறைந்த ரொக்கக் கொள்முதலுக்கு இது பொருந்தாது. பதிவுள்ள அஞ்சலில் எழுதி அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள். 2022 ஜூனிலிருந்து மின்னஞ்சலும் செல்லும். கார்டில் கட்டியிருந்தால் கார்டு நிறுவனத்துக்கும் எழுதுங்கள். நீங்களாகக் கடைக்குள் நுழைந்து வாங்கிய சட்டைக்கு இந்த உரிமை இல்லை, கடையின் விதிதான் செல்லும். இதைக் குழப்பிக்கொண்டு கவுன்ட்டரில் வாதாடிப் பயனில்லை. எந்தப் பக்கம் சேரும் என்று சந்தேகம் வந்தால் 188-ஐ அழையுங்கள். அருகிலுள்ள நுகர்வோர் ஆலோசனை மையத்துக்கு இணைப்பார்கள். எட்டு நாள் முடியும்வரை காத்திருக்காமல் அன்றே அழைப்பது நல்லது.